கடற்கரையில் ஒரு மணவறை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது தயங்கினேன். கோலம் போடத் தெரியும், பந்தல் போடத் தெரியும், எழுதிப் பழக்கமில்லை. ஆனால் புனே, நாக்பூர், தில்லி என்று பல ஊர்களிலிருந்தும் நம்மவர்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "பெண்ணுக்குக் கோவா கடற்கரையில்தான் கல்யாணம் வேண்டுமாம். செய்யலாமா அம்மா?" தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே தடவையாகச் சொல்லிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு மர்மகோவா துறைமுகத்தில் வேலை கிடைத்து 1996-ல் வாஸ்கோவுக்கு வந்தோம். இங்கே ஒரு பொங்கல் விழாவில் நான் போட்ட கோலத்தைப் பார்த்துவிட்டு, தென் கோவாவில் ஒரு ஹோட்டல் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். சென்னைக் குடும்பம் ஒன்று கல்யாணத்துக்கு வருகிறது, மணவறை என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அப்படித் தொடங்கியதுதான். இப்போது என் அட்டையில் 'வெட்டிங் டிசைனர்' என்று இருக்கிறது. மாமியார் மட்டும் கடைசி வரை "பந்தல் வேலை" என்றே சொன்னார். அவர் சொன்னதுதான் சரி.

வருகிறவர்கள் எல்லோரும் கையில் ஒரு படத்தோடு வருகிறார்கள். ஆரஞ்சு நிறத்தில் சூரியன் கடலில் இறங்குகிறது, நான்கு கம்பத்தில் வெள்ளைத் துணி அலைபாய்கிறது, நடுவில் மணமக்கள். பார்க்க அழகுதான். துணி ஏன் அப்படிப் பறக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் கடற்காற்று, நிலக்காற்று என்று படித்திருப்பீர்கள். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. கோவாவில் இது முற்பகலில் தொடங்கி, பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து மணி வரை பலமாக வீசும். பொழுது சாய்ந்தால் தணியும். இரவில் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லத் திரும்பி வீசும். விடியற்காலையில் இலை அசைவது கூடத் தெரியாது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பந்தலைத் தள்ளும் பலம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு!

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2014 பிப்ரவரியில், பம்பாயில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்துக் கல்யாணம். பெண்ணும் பையனும் சூரியன் மறையும் நேரம்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வடக்கே வழக்கத்தில் இருக்கிறதே என்று கோதூளி லக்னம் பார்த்து ஆறு மணிக்குத் தாலி கட்டுவதாக முடிவாயிற்று. பெண்ணின் மாமா கடைசி நாளில் வந்து, "மண்டபம் மொட்டையாக இருக்கிறது, மேலேயும் பின்னாலேயும் துணி கட்டுங்கள்" என்றார். காலையில் வலை உலர்த்திக் கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் அந்தத் துணியைப் பார்த்துவிட்டு, "என்ன பாய், கப்பல் விடப் போகிறாயா?" என்று கொங்கணியில் கேட்டார். நானும் சிரித்தேன்.

நாலரை மணிக்குக் காற்று அந்தத் துணிக்குள் புகுந்தது. பாய்மரம் போலவே உப்பியது. பின்பக்கத்துக் கம்பம் இரண்டும் மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்னால் விழுந்தன. பத்து நிமிடம் முன்பு வரை அந்த நிழலில் மூன்று குழந்தைகள் மணல் வீடு கட்டிக் கொண்டிருந்தார்கள். ஐஸ்கிரீம் வந்ததென்று எழுந்து ஓடியிருந்தார்கள், அவ்வளவுதான். தாலி கட்டியது ஹோட்டல் சாப்பாட்டு அறையில், ஜன்னலை மூடி வைத்துக்கொண்டு. பெண்ணின் அப்பா சேமநிதிப் பணத்தை எடுத்துக் கல்யாணம் செய்தவர்; என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. என் கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தச்சருக்கும் துணிக்காரருக்கும் கொடுத்துத் தீர்க்க இரண்டு ஸீஸன் ஆயிற்று. மாமா சொன்னாலும் கட்டியது நான்தானே.

அன்றிலிருந்து எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பின்பக்கம் திறந்துதான் இருக்கும். மேலே துணியை ஒரே பரப்பாக விரிக்காமல், இடைவெளி விட்டுப் பட்டை பட்டையாகக் கட்டுவேன். கம்பத்தின் அடியில் 200 லிட்டர் தண்ணீர் பீப்பாய்; ஒவ்வொன்றும் 200 கிலோ கனம். அதைக் குருத்தோலை முடைந்து மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஹோமம் வளர்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் பருத்தித் துணிதான். நைலான் வகைகள் சூட்டில் உருகிச் சொட்டும். மணல் வாளி இரண்டு ஓரத்தில் இருக்கும்.

இதையெல்லாம் விட முக்கியமாக, முகூர்த்தத்தைக் காலையில் வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நம் வழக்கமே காலை முகூர்த்தம்தானே! மணமக்கள் கிழக்கு முகமாக உட்காருவார்கள். கோவாவில் கடல் மேற்கே இருக்கிறது. ஆகவே கடல் அவர்களுக்குப் பின்னால் தானாக வந்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மணமக்களையும் கடலையும் சேர்த்துப் பார்ப்பார்கள். காலை வெயில் தென்னந்தோப்புக்கு மேலே வந்து மணமக்கள் முகத்தில் விழும், பார்ப்பவர்களுக்குக் கண் கூசாது. போட்டோக்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிடுவார். இதையே மாமல்லபுரத்தில் செய்தால் மணமக்கள் கடலைப் பார்த்து உட்கார வேண்டும், வந்தவர்களுக்குக் கடல் முதுகுப்புறம் போய்விடும். நம் சாஸ்திரத்துக்கு ஏற்ற கரை மேற்குக் கரை என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஒரு சின்னச் சிக்கல் உண்டு. விடியற்காலை நிலக்காற்று கிழக்கேயிருந்து வருவதால் ஹோமப் புகை மணமக்கள் பக்கம் சாயும். குண்டத்துக்குக் கிழக்கே ஒரு முழ உயரத்தில் ஓலைத் தடுப்பு வைத்தால் போதும்.

நேரம் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். சென்னைக்கு மேற்கே ஆறு டிகிரிக்கு மேல் தள்ளியிருப்பதால் இங்கே சூரியன் ஏறக்குறைய அரை மணி தாமதமாக உதிக்கிறது. தை மாதத்தில் ஏழு மணிக்குப் பிறகுதான். சென்னைக்குக் கணித்த லக்னத்தை அப்படியே கொண்டுவந்தால் தவறாகும். இருட்டில் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார வேண்டியும் வரும். கோவாவுக்கென்று கணித்துத் தரும்படி ஜோசியரிடம் கேளுங்கள்.

பஞ்சாங்கத்தில் நான் இன்னொன்றும் பார்ப்பேன், திதி. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இங்கே சுமார் 2 மீட்டர் வித்தியாசம் இருக்கும். சரிவு குறைந்த மணலில் தண்ணீர் வெகுதூரம் உள்ளே வந்துவிடும். ஏற்ற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே முதல் நாள் வந்து பார்த்தேன், மணல் காய்ந்திருந்தது என்று சொல்லிப் பயனில்லை. அட்டமி, நவமியில் கடல் சாதுவாக இருக்கும்; பாவம், அந்த நாட்களில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை!

அனுமதி விஷயம். கடற்கரை எல்லோருக்கும் பொது. ஹோட்டல்காரர் "எங்கள் பீச்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் 1991-ல் வந்து, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டன. மணலில் தற்காலிகப் பந்தல் என்றாலும் கோவா கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதித் தாளை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். 2000-ம் ஆண்டு ஒலி விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கிடையாது. நலங்கு, ஊஞ்சல் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். மோர்ஜிம், அகோண்டா, கல்ஜிபாக் கரைகள் ஆமைகள் முட்டையிட வரும் இடங்கள்; நம் கல்யாண மாதங்களில்தான் அவையும் வருகின்றன. விளக்கும் மேளமும் அங்கே கூடாது. நான் அங்கே வேலை எடுப்பதில்லை. மணல் மேட்டில் படர்ந்திருக்கும் கொடியை வெட்டிச் சமன் செய்யச் சொல்பவர்களும் உண்டு. அது வெறும் களையல்ல. சங்கப் பாடல்களில் வரும் அடும்பு. மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

உண்மையில், மணல் மேட்டுக்கு இந்தப் பக்கம் ஹோட்டல் புல்தரை இருந்தால் அங்கேயே செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். அதே கடல்தான் தெரியும், பாதித் தொல்லை குறையும். பாட்டிமார்கள் பட்டுப் புடவையோடு மணலில் தடுமாற வேண்டாம்.

பூவைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. மதுரை மல்லிகையை இரவோடு இரவாக வரவழைக்கலாம்; ஆனால் உப்புக்காற்றில் சீக்கிரம் வாடிவிடும். தலையில் வைக்க மட்டும் போதும். அலங்காரத்துக்கு நம் கனகாம்பரம் இருக்கிறது. இங்கே அதை அபோலி என்கிறார்கள், கோவாப் பெண்கள் ஆசையாகச் சூடும் பூ. வாழைமரம், மாவிலை, கமுகங்குலை எல்லாம் இங்கேயே கிடைக்கும். விநாயக சதுர்த்திக்கு இவர்கள் பிள்ளையாருக்கு மேலே மாட்டோளி என்று காய்களையும் கனிகளையும் தொங்க விடுவார்கள். அந்த வேலை தெரிந்த இரண்டு சகோதரர்கள் என்னோடு இருக்கிறார்கள். மணவறைக்கு மேலே அவர்கள் பாக்குக் குலை கட்டினால் நம் ஊர்க்காரர்களே யார் கட்டியது என்று கேட்பார்கள். எந்தக் காற்றுக்கும் அது அசையாது!

ஜூன் தொடக்கத்தில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை எனக்கு வேலையில்லை. பந்தல் சாமான்களுக்கு எண்ணெய் தடவி அடுக்கி வைத்துவிட்டு வீட்டில்தான் இருப்பேன். தை, மாசியில் கல்யாணம் வைக்க நினைப்பவர்கள் அந்த மாதங்களில் கூப்பிடுங்கள், நிதானமாகப் பேசலாம். படத்தைப் பிறகு அனுப்பலாம். முதலில் தேதியையும் லக்னத்தையும் சொல்லுங்கள்.