பட்டாபிராம் சைடிங்: ஆவடியோடு காலியாகும் ரயில்

சென்னை மூர் மார்க்கெட் ரயில் நடைமேடையில் 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்று அறிவிப்பு வந்தால், ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் அதை 'ஆவடி வண்டி' என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அம்பத்தூரில் ஒரு கூட்டம், ஆவடியில் இன்னொரு கூட்டம் என இறங்கிவிட்டால், அப்புறம் ஜன்னலோர இருக்கைக்குப் போட்டியே கிடையாது. கடைசி நிலையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தினமும் போய்வருகிறவர்களே யோசிப்பார்கள்.

ஆவடி வழியாகப் போகும் பிரதான பாதை பழையது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது இந்த வழியாகத்தான். ஆனால் சைடிங்கின் கதை வேறு. இரண்டாம் உலகப் போர் காலத்தில் ஆவடி வட்டாரம் பெரிய ராணுவக் கிடங்காக மாறியது. வாகனம், உதிரி பாகம், தளவாடம் எல்லாம் வேகனில் வரும். வேகன் கிடங்கின் வாசல் வரை போனால்தான் ஏற்றி இறக்க முடியும். அப்படிச் சரக்குக்காகப் பிரித்துப் போடும் தடத்தைத்தான் ரயில்வேயில் சைடிங் என்கிறார்கள். ஆவடிக்கு அப்பால் விலகிச் செல்லும் இந்தக் கிளையில் 'ஈஸ்ட் டிப்போ' என்றே ஒரு நிலையம் இருக்கிறது. ஊரை நினைத்துப் போட்ட பாதை அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஆவடி நாட்டுக்கே தெரிந்த பெயரானது. 1955இல் காங்கிரஸ் மாநாடு. 1965இல் இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி. 1979இல் சென்னை - திருவள்ளூர் தடம் மின்மயமானது. மின்சார ரயில் சைடிங்குக்கும் வந்தது. ஆனாலும் பிரதான பாதை அளவுக்கு வண்டிகள் வரவில்லை.

எனக்கு ஆற்றாமை இங்கேதான். பட்டாபிராம் இன்று கிடங்கை மட்டும் நம்பிய ஊரா? 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தாயிற்று. சுற்றிலும் மனைகள் வீடுகளாகிவிட்டன. முன்பு சைடிங் வண்டி வரும்போதெல்லாம் சென்னை - திருவள்ளூர் சாலையான சி.டி.எச். ரோட்டில் கேட் போட்டு, பஸ்ஸும் லாரியும் வரிசை கட்டி நிற்கும். "இன்னொரு வண்டி விட்டால் ரோடு தாங்காது" என்று சொல்ல அப்போது ஒரு காரணம் இருந்தது. இப்போது அங்கே மேம்பாலம் வந்துவிட்டது.

ஆவடியோடு திரும்பிவிடும் வண்டிகளில் சிலவற்றையாவது, குறிப்பாக மாலை நேரத்தில், சைடிங் வரை நீட்டலாம். புதிதாக நிலம் எடுக்க வேண்டாம். தண்டவாளமும் மின்கம்பியும் ஏற்கெனவே இருக்கின்றன. தெற்கு ரயில்வே அடுத்த கால அட்டவணையிலாவது இதைச் செய்யட்டும்.

அதுவரை ஒன்றைக் கவனியுங்கள்: பிரதான பாதையில் 'பட்டாபிராம்' என்று தனி நிலையம் உண்டு. எந்தப் பட்டாபிராம் என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.