தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தல் தாமதம் (2016–2021)

தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தல் தாமதம் என்பது 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தல்கள் பல ஆண்டுகள் தள்ளிப்போனதைக் குறிக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடம் தொழிற்பகுதியை ஒட்டிய சேரப்பணஞ்சேரி உள்ளிட்ட ஊராட்சிகளில் இத்தாமதம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், அதாவது ஒரு முழுப் பதவிக்காலம், நீடித்தது.

சட்ட ஏற்பாடு

1993 இல் நடைமுறைக்கு வந்த 73 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி ஊராட்சிகளின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள் ஆகும். அது முடியுமுன் அடுத்த தேர்தல் நடத்தப்படவேண்டும். தேர்தல் நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. மாவட்டங்களைப் பிரிப்பதோ மாநில அரசின் அதிகாரம்.

நிகழ்வுகள்

பழங்குடியினர் இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில், தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 அக்டோபர் 4 அன்று இரத்து செய்தது. அக்டோபர் 24 உடன் பதவிக்காலம் முடிந்தது. பின்னர் வார்டு மறுவரையறைப் பணியால் தேர்தல் மேலும் தள்ளிப்போனது. 2019 இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிக்கப்பட்டது. இவ்வாறு பிரிப்புக்குள்ளான பகுதிகளின் ஒன்பது மாவட்டங்களில் மறுவரையறை முடியும்வரை தேர்தலை ஒத்திவைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏனைய மாவட்டங்களில் 2019 திசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களிலேயே வாக்குப்பதிவு நடந்தது.

விளைவுகள்

ஊராட்சித் தலைவர்களின் பணிகளைத் தனி அலுவலர்கள் கவனித்தனர். இவர்கள் அரசுக்கே பொறுப்புடையவர்கள். வாக்காளர்களால் இவர்களை மாற்ற இயலாது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளுக்கே உரிய நிதிக்குழு மானியங்களை மத்திய அரசு நிறுத்திவைத்தது. காலக்கெடுவை அரசியலமைப்பே விதித்திருந்தும், அது மீறப்பட்டால் தானாகச் செயற்படும் தீர்வு எதுவும் அதில் இல்லை. 2019 இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 சனவரியில் பதவிக்காலம் முடிந்தபோதும், தேர்தல் நடவாமல் தனி அலுவலர்களே மீண்டும் நியமிக்கப்பட்டனர்.