372 ஆட்டங்கள் ஆடியும் கையசைத்து விடைபெறாத வீரர்: ஆடம் குட்ஸை வெளியேற்றிய அந்தக் கூச்சல்

மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் என்றால் நமக்கு பாக்சிங் டே டெஸ்ட்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் ‘ஃபுட்டி’ என்பார்கள். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலின் செல்லப்பெயர் அது. ஏஎஃப்எல் என்ற அந்த லீக்கின் இறுதிப்போட்டி நாளில் ஒரு வழக்கம் உண்டு. அந்த ஆண்டு ஓய்வுபெறும் வீரர்களை காரில் ஏற்றி மைதானத்தைச் சுற்றி அழைத்து வருவார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும்.

2015 அக்டோபரில் அந்த கார் வரிசையில் ஆடம் குட்ஸ் இல்லை. அந்த ஆண்டு ஓய்வுபெற்றவர்களில் அவரைப் போல சாதித்தவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் வரவில்லை. ஏன்?

முதலில், ஆட்டம் என்ன?

முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம், அணிக்கு 18 பேர். உதைக்கலாம், ஓடலாம், முஷ்டியால் குத்திப் பந்தை அனுப்பலாம். எறிவதற்கு மட்டும் அனுமதி இல்லை. நடுவில் உள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. பக்கத்துக் கம்பம் வரை விலகிப் போனால் 1 புள்ளி.

யார் இந்த குட்ஸ்?

தெற்கு ஆஸ்திரேலியாவில் 1980-ல் பிறந்தவர். அம்மா பூர்வகுடி, அட்னியமத்தானா, நருங்கா மரபினர். பூர்வகுடிக் குழந்தைகளை அரசே குடும்பத்திலிருந்து பிரித்து எடுத்துச் சென்ற காலத்தில் அப்படிப் பறிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ‘களவாடப்பட்ட தலைமுறை’ என்கிறார்கள்.

1997-ல் இளம் வீரர்களை அணிகள் தேர்வு செய்தபோது 43-வது ஆளாகத்தான் சிட்னி ஸ்வான்ஸ் குட்ஸை எடுத்தது. பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. ஆனால் 1999-ல் சிறந்த இளம் வீரர் விருது வாங்கினார். 2005-ல் சிட்னி 72 வருடங்களுக்குப் பிறகு கோப்பை வென்ற அணியில் இருந்தார். 2012 இறுதிப்போட்டியில் முழங்கால் தசைநார் அடிபட்ட பிறகும் வெளியேறாமல் ஆடி, கடைசிக் கால்பகுதியில் முக்கியமான கோல் அடித்தார். சிட்னி 10 புள்ளிகளில் ஜெயித்தது. மொத்தம் 372 ஆட்டங்கள், 464 கோல்கள்.

லீக்கின் மிகப்பெரிய தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தை 2003, 2006 என இருமுறை வென்றிருக்கிறார். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இது ‘நேர்மையாகவும் சிறப்பாகவும்’ ஆடியவருக்கான பதக்கம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவர்களே ஓட்டுப் போடுகிறார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2013 மே 24

பூர்வகுடி வீரர்களைக் கொண்டாடும் சிறப்புச் சுற்றின் முதல் ஆட்டம். அதே மெல்போர்ன் மைதானம், எதிரணி காலிங்வுட். ஆட்டம் முடியும் தறுவாயில் எல்லைக்கோட்டருகே இருந்த குட்ஸை கூட்டத்திலிருந்து ஒரு குரல் ‘குரங்கு’ என்றது. அவர் திரும்பி, கத்தியவரைக் காவலர்களுக்குக் கைகாட்டினார். அது 13 வயதுச் சிறுமி.

மறுநாள் பத்திரிகையாளர்களைச் சந்தித்த குட்ஸ், தான் உடைந்துபோய்விட்டதாகச் சொன்னார். கூடவே, அந்தப் பெண் மீது தவறில்லை, அவளைத் திட்டாதீர்கள், அவளுக்குத் துணையாக இருங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். சிறுமியும் மன்னிப்பு கேட்டாள். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ‘சின்னப் பொண்ணை இப்படியா அவமானப்படுத்துவது?’ என்று ஒரு தரப்பு கிளம்பியது. 2014 ஜனவரியில் ‘ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்’ விருது பெற்று, இனவெறி பற்றி அவர் வெளிப்படையாகப் பேசப் பேச எரிச்சல் கூடியது. பந்து அவர் கைக்கு வந்தாலே எதிரணி ரசிகர்களின் ‘பூ...’ கூச்சல் தொடங்கிவிடும்.

‘பூ’ சொன்னா தப்பா?

ஐபிஎல் 2024-ல் ஹர்திக் பாண்டியாவுக்கு அகமதாபாத்தும் வான்கடேவும் கொடுத்த கூச்சலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆஸ்திரேலியாவிலும் அதைத்தான் சொன்னார்கள். ‘இது இனவெறி இல்லைங்க, அவர் ஏமாற்றி ஃப்ரீ கிக் வாங்குகிறார், அதான் பிடிக்கலை’ என்றார்கள். நேர்மைக்கான பதக்கத்தை நடுவர்களின் ஓட்டிலேயே இரண்டு முறை வாங்கியவரைப் பற்றித்தான் இந்தப் புகார். 2013-க்கு முன்பு இந்த ‘நேர்மை உணர்வு’ எங்கே போயிருந்தது என்பதற்கு யாரிடமும் சரியான பதில் இல்லை.

சிக்கல் வேறொரு இடத்தில் இருந்தது. மைதானத்தில் வீரர்கள் இனவெறியோடு பேசுவதற்கு எதிராக 1995-லேயே ஏஎஃப்எல் தனி விதி கொண்டுவந்துவிட்டது. ஒருவர் ‘குரங்கு’ என்றால் ஆளைப் பிடிக்கலாம், கேட்கலாம், தண்டிக்கலாம். ‘பூ’வில் சொல்லே கிடையாது. பல்லாயிரம் பேர் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்தும்போது யாரைப் பிடிப்பது? நிர்வாகம் வழவழ கொழகொழவென்று பேசியே வாரங்களைக் கடத்தியது.

2015 மே 29-ல் சிட்னி மைதானத்தில் கோல் அடித்த குட்ஸ், எதிரணியான கார்ல்டனின் ரசிகர்களை நோக்கி பூர்வகுடிப் போர் நடனத்தின் சில அசைவுகளைச் செய்துகாட்டினார். 16 வயதுக்குட்பட்ட பூர்வகுடிச் சிறுவர் அணியிடம் கற்றுக்கொண்ட நடனம் அது. ‘மிரட்டுகிறார்’ என்று அதற்கும் திட்டு. ஜூலை இறுதியில் பெர்த் ஆட்டத்தில் கூச்சல் உச்சத்தைத் தொட, அடுத்த ஆட்டத்துக்கு அவர் விடுப்பு எடுத்துக்கொண்டார்.

அவர் இல்லாத அந்த ஆட்டத்தில் சிட்னி ரசிகர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அவருடைய ஜெர்சி எண் 37. மூன்றாவது கால்பகுதியின் ஏழாவது நிமிடத்தில் மைதானமே எழுந்து நின்று கைதட்டியது.

அவர் திரும்பி வந்தார், ஆடினார். செப்டம்பரில் நார்த் மெல்போர்னிடம் தோற்ற இரவு, உடைமாற்றும் அறையில் சக வீரர்களிடம் ‘இதுதான் கடைசி’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கார் ஊர்வலத்துக்கு வந்த அழைப்பை ஏற்கவில்லை.

மன்னிப்பு எப்போது வந்தது?

நான்கு வருடம் கழித்து. அந்த நாட்களின் செய்திக் காட்சிகளை மட்டுமே கோத்து எடுத்த ‘தி ஃபைனல் குவார்ட்டர்’ ஆவணப்படம் 2019 ஜூனில் திரைக்கு வரும் நேரத்தில், ஏஎஃப்எல்லும் 18 கிளப்களும் சேர்ந்து அறிக்கை விட்டன. குட்ஸுக்கு நேர்ந்ததுதான் அவரை ஆட்டத்தைவிட்டு விரட்டியது, அவர் பக்கம் போதுமான அளவு நிற்கவில்லை என்று ஒப்புக்கொண்டன. அந்த நேரத்தில் அவர் ஆட்டத்திலிருந்து ரொம்ப தூரம் விலகிப் போயிருந்தார். சக வீரர் மைக்கேல் ஓ’லாக்லினுடன் 2009-ல் தொடங்கிய ‘கோ ஃபவுண்டேஷன்’ மூலம் பூர்வகுடி மாணவர்களின் படிப்புக்கு உதவித்தொகை கொடுக்கும் வேலை தொடர்ந்துகொண்டிருந்தது.

2021-ல் ஏஎஃப்எல் தன்னுடைய ‘ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவப் பட்டியலில் அவரைச் சேர்க்க முன்வந்தது. குட்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.