வலி நின்றால் குணமாகிவிட்டதா?

எதையும் நல்லவிதமாக நினைத்தால் பாதி நோய் போய்விடும் என்று நம் சங்கத்து அன்பர்களிடம் அடிக்கடி சொல்லி வருபவன் நான். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, 2018-ல் நாகபுரியில் ஓய்வு பெற்றேன். மழையிலும் வெயிலிலும் லைனில் நடந்து உரமேறிய உடம்பு. நோய் நொடி என்று படுத்ததில்லை. அந்தத் தைரியத்தில் நான் செய்த ஒரு தவறு மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு, கீழ்க் கடைவாய்ப் பல்லில் விண் விண்ணென்று வலி. எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். எங்கள் மாவட்டத்து மலைகளில் விளையும் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. சிறு வயதில் பல்வலி என்று அழுதால், பாட்டி ஒரு கிராம்பை எடுத்துப் பல்லில் அடக்கிக்கொள்ளச் சொல்வார். அதையே செய்தேன். அரை மணி நேரத்தில் வலி தணிந்து தூக்கம் வந்தது.

பாட்டி வைத்தியம் பொய்யல்ல. கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால் என்னும் பொருள். அது நரம்பை மரத்துப்போகச் செய்யும். கிருமிகளையும் ஓரளவு அடக்கும். இதையே துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துப் பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் வாசனை பெரும்பாலும் இதனுடையதுதான்.

பத்து நாட்களைக் கிராம்பும் உப்புத் தண்ணீருமாக ஓட்டினேன். "ஏங்க, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுங்களேன்" என்றாள் என் மனைவி. "எல்லாம் தானாகச் சரியாகிவிடும்" என்றேன். சொன்னபடியே ஒரு நாள் காலை வலி அடியோடு நின்றது! எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூங்காவில் உடன் நடக்கும் நண்பர்களிடமெல்லாம் கிராம்பின் மகிமையையும் மனோதிடத்தின் மகிமையையும் எடுத்துரைத்தேன்.

மூன்று வாரம் சென்றது. ஒரு நாள் மாலை தாடை வீங்கத் தொடங்கியது. இரவில் குளிரும் காய்ச்சலும். விடிவதற்குள் வாயை ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கூடத் திறக்க முடியவில்லை. மகன் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்து ஓடினான். அங்கே இருந்த இளம் பெண் டாக்டர் என்னைக் "காகா" என்று அழைத்தார். (பயப்படாதீர்கள், மராத்தியில் சித்தப்பா என்று பொருள்!) "காகா, வலி நின்ற அன்றே நீங்கள் ஓடி வந்திருக்க வேண்டும். அன்றுதான் உங்கள் பல்லின் நரம்பு செத்துப்போனது" என்றார்.

விஷயம் இதுதான். பல்லிடுக்கில் தங்கும் இனிப்பையும் மாவுப் பொருளையும் கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் முதலில் பல்லின் மேலுள்ள எனாமலை அரிக்கிறது. பிறகு உள்ளே இறங்கி நரம்புள்ள கூழ்ப்பகுதியை எட்டுகிறது. அப்போதுதான் உயிர் போகும் வலி. அந்த நரம்பு அழுகிச் செத்துவிட்டால் வலி சொல்ல ஆள் இல்லை. ஆனால் கிருமி வேர் வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகிறது. கிராம்பு வலியைத்தான் அடக்கியது, சொத்தையை அல்ல.

பல்லைப் பிடுங்கிச் சீழை வெளியேற்றி, நான்கு நாள் ஊசி மருந்து ஏற்றினார்கள். ரத்தத்தில் சர்க்கரை 280 என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சர்க்கரை அதிகமானால் பல், ஈறு நோய் எளிதில் ஆறாது. ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுப்படாது என்று விளக்கினார்கள்.

என் பேச்சை நம்பிப் பூங்கா நண்பர் ஒருவரும் கிராம்பை அடக்கிக்கொண்டிருந்தார். வீடு திரும்பியதும் முதல் வேலையாக அவரைக் கையோடு டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். வேர் சிகிச்சையில் அவருடைய பல் பிழைத்தது. எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

ஆகவே, பல்வலி வந்தால் டாக்டரைப் பார்க்கும் வரை மட்டும் செய்ய வேண்டியவை:

1. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, நாளைக்கு மூன்று நான்கு முறை கொப்பளிக்கலாம்.

2. ஒரு கிராம்பைப் பல்லருகே அடக்கிக்கொள்ளலாம். எண்ணெயானால் ஒரே சொட்டைத் தேங்காய் எண்ணெயுடன் கலந்து பஞ்சில் தொட்டு வைக்கவும். தனி எண்ணெய் ஈறைப் புண்ணாக்கும். விழுங்கக் கூடாது, குழந்தைகளுக்குக் கிராம்பு எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

3. கன்னத்தின் வெளிப்புறம் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். வீக்கத்துக்குச் சூடான ஒத்தடம் கூடாது.

4. ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லில் வைத்து அடக்காதீர்கள், ஈறு வெந்துவிடும். வீட்டில் மீந்து கிடக்கும் ஆன்டிபயாடிக்கும் கூடாது.

5. இந்தப் பக்கத்தில் பல்வலிக்கு மிஷ்ரி தேய்ப்பவர்களும் கர்ரா அடக்குபவர்களும் உண்டு. முன்னது புகையிலைக் கரி. பின்னது பாக்கும் புகையிலையும் கலந்தது. இரண்டும் வாய்ப் புற்றுநோய்க்கு வழி. நம் பிள்ளைகள் இவற்றைப் பழகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது.

நம்பிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரயில்வேயில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் தன் எல்லைக்குட்பட்ட பாதை முழுவதும் நடந்து, தளர்ந்தவற்றைச் சுத்தியலால் தட்டி இறுக்குவார். வண்டி பத்திரமாகப் போகும் என்ற நம்பிக்கை அவருக்கும் உண்டு. இருந்தும் மறுநாளும் நடப்பார். காலையும் இரவும் இரண்டு நிமிடம் பல் துலக்குவதும், வருடத்துக்கு ஒரு முறையாவது பல்லைக் காட்டிவருவதும் அப்படிப்பட்ட நம்பிக்கைதான். உங்கள் வீட்டில் வலிக்கும் பல் இருந்தால் காட்டுங்கள். வலித்துத் தானாக நின்ற பல் இருந்தால், இந்த வாரமே காட்டுங்கள்.