உங்களுக்குத் தெரியுமா? கடுக்காய் முதல் தொட்டில் வரை

இந்த வரியை வாசித்து முடிப்பதற்குள் உங்கள் விரல் நகம் மூன்று நான்கு நானோ மீட்டர் வளர்ந்திருக்கும். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் நானோ மீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 80,000 நானோ மீட்டர். நானோ என்றதும் எங்கோ கண்ணாடிக் கட்டடத்துக்குள் நடக்கும் ஆராய்ச்சி என்று நினைத்துக்கொள்கிறோம். எங்கள் ஊர் நைனார்பாளையத்து அஞ்சறைப் பெட்டியிலும் பிரசவ அறையிலும்கூட அது இருக்கிறது.

★

கல்வராயன் மலை மக்கள் காட்டில் பொறுக்கி, கீழே கொண்டுவந்து விற்கும் கடுக்காயால் நானோத் துகள் செய்யலாம். கடுக்காய்த் தூளைக் கொதிக்கவைத்து வடித்த நீரைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் விட்டால், தண்ணீர் போலிருந்த கரைசல் மெல்ல மஞ்சளித்து, பிறகு பழுப்பேறும். அந்த நிறம்தான் வெள்ளி நானோத் துகள் பிறந்ததற்கு அடையாளம். நாக்கில் துவர்க்கிறதே டானின், அதுதான் கரைந்திருந்த வெள்ளியைத் துகளாக்குகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் காப்பதும் அதுவே. தமிழ்நாட்டின் பல கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இன்று கடுக்காய், வேம்பு, துளசி என்று இலையும் காயும் கொண்டு இதைச் செய்கிறார்கள்.

இந்தத் துகள் ஆய்வுக்கூடத் தட்டில் கிருமியைக் கொல்கிறது. அது உண்மை. ஆனால் மனித உடம்பில் மருந்தாக வேலை செய்யும் என்று நிரூபிக்க இன்னும் வெகுதூரம் போக வேண்டும். ‘நானோ மூலிகை’ என்று எழுதிய குப்பியைச் சந்தையில் கண்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

★

கீழடிப் பானைத் துண்டுகளின் உட்புறக் கருப்புப் பூச்சில் கார்பன் நானோக் குழாய்கள் இருந்ததை வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அதுவரை மிகப் பழையதாகச் சொல்லப்பட்டவை, 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் 2006-ல் ஜெர்மானியர் கண்டவை. கீழடிப் பானையோ கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகிறது. நம் குயவருக்கு நானோ என்ற சொல் தெரியாது. சூளையில் எவ்வளவு சூடு வேண்டும், பூச்சை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அந்தப் பூச்சு 2,500 ஆண்டுகள் உரியாமல் நின்றிருக்கிறது. டமாஸ்கஸ் வாளின் மூலப்பொருளான உருக்கும் கொடுமணல் போன்ற ஊர்களில் தமிழர் மூசையிலிட்டுச் செய்த அதே வகை எஃகுதான்.

★

கர்ப்பம் தரித்திருக்கிறதா என்று பார்க்கும் பட்டையில் தோன்றும் சிவப்புக் கோடு எதனால் ஆனது? பெரும்பாலான பட்டைகளில் அது தங்கம்!

மஞ்சள் உலோகமான தங்கத்தை 20, 40 நானோ மீட்டர் அளவுக்குப் பொடித்தால் அது கருஞ்சிவப்பாகத் தெரியும். அந்தத் துகள்மேல், கர்ப்பத்தில் சுரக்கும் ஹெச்.சி.ஜி. ஹார்மோனைப் பிடிக்கும் புரதத்தை ஏற்றி, பட்டைக்குள் காயவைத்திருக்கிறார்கள். சிறுநீர் ஊறிக்கொண்டு போகும் வழியில் தங்கத்தையும் இழுத்துச் செல்கிறது. ஹார்மோன் இருந்தால் தங்கம் முதல் கோட்டில் சிக்கிக்கொள்ளும். முதலில் ரோஜா நிறத்தில் மங்கலாக ஓர் இழை, சிறிது நேரத்தில் நல்ல சிவப்பு. கூலி வேலைக்குப் போகும் பெண்ணின் கையிலும் விடியற்காலையில் நானோத் தங்கம் பேசுகிறது.

★

பூச்சிமருந்து கலந்த குடிநீரை நானோ வெள்ளியால் சுத்தப்படுத்தும் வழியைக் கண்டவர் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் தலப்பில் பிரதீப். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்தடிக்கும் நம் பக்கத்துக்கு வேண்டிய ஆராய்ச்சி இது.

★

இனி ரத்த அழுத்தம். முதன்முதலில் அளந்து பார்க்கப்பட்டது ஒரு குதிரைக்கு. இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீஃபன் ஹேல்ஸ் ஒரு பெண்குதிரையின் தமனியில் பித்தளைக் குழாய் செருகி, அதில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. 1733-ல் இதை நூலில் எழுதினார். மனிதருக்கு 120 என்கிறோமே, அது பாதரசக் கணக்கு. பாதரசத்துக்குப் பதில் தண்ணீர் ஊற்றி அளந்தால் 5 அடி 4 அங்குலம், ஏறக்குறைய ஆள் உயரம் வரும். உங்கள் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த உயரத்துக்குத் தண்ணீர் தூக்குகிற வேலையைச் செய்கிறது.

கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கும் முறை இத்தாலியர் ரிவா ரோச்சி 1896-ல் தந்தது. பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்து ‘டப் டப்’ ஒலி தொடங்கும் இடமும் அடங்கும் இடமும் பார்க்கலாம் என்று 1905-ல் சொன்னவர் ரஷ்ய டாக்டர் கொரோட்கோவ். அவருடைய கட்டுரை ஒரு பக்கம்கூட இல்லை.

★

உலகம் முழுக்கப் பரவிய முதல் ரத்தக் கொதிப்பு மருந்துகளில் ஒன்று இந்தியச் செடியிலிருந்து வந்தது. சர்ப்பகந்தா வேர். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் இதைப் பற்றி ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ இதழில் எழுதிய பிறகுதான் மேல்நாட்டார் கண் திறந்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் என்ற மூலப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மனச்சோர்வு போன்ற பக்கவிளைவு தெரிந்ததும் அதன் பயன்பாடு குறைந்தது. செடியிலிருந்து வந்தது என்பதால் ஒரு மருந்து தீங்கற்றதாகிவிடாது.

★

அதேபோல், விஷத்திலிருந்து வந்ததெல்லாம் விஷமும் அல்ல. பிரேசில் நாட்டு ஜரராக்கா என்னும் விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். அந்த விஷத்தை 1960-களில் ஆராய்ந்தவர் செர்ஜியோ ஃபெரெய்ரா. அங்கிருந்து நூல் பிடித்துப் போய்ச் செய்த மாத்திரைதான் கேப்டோப்ரில். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கும் எனலாப்ரில் அதன் தம்பி.

கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள்: எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் கர்ப்பிணிக்கு ஆகாது. வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பி.பி. மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், முதல் காரியமாக மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். தானாக நிறுத்துவதும் ஆபத்து. அவர் வேறு மருந்து மாற்றித் தருவார்.

★

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு தேக்கரண்டி. இந்தியர் சராசரியாக உண்பது 8 கிராம். ஊறுகாயும் அப்பளமும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். சென்னை ஆய்வாளர்கள் தலைமையில் நாடு முழுக்க நடந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது: பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு.

★

பருத்தி இலை சிவந்தால் மெக்னீசியம் சல்பேட் தெளிப்போம். அதே பொருள், சுத்திகரித்து ஊசியாக வந்தால், தாயின் உயிரைக் காக்கிறது.

கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் இறங்கினால் அது முன்சூல்வலிப்பு. அது முற்றினால் வலிப்பு வரும். முகமும் கையும் வீங்கினால் ‘நீர்தானே, பிள்ளைத்தாச்சிக்கு சகஜம்’ என்று வீட்டில் சொல்வார்கள். பல நேரம் சகஜம்தான், ஆனால் அளந்து பார்க்காமல் அதைச் சொல்ல யாராலும் முடியாது. 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ‘மேக்பை’ ஆய்வு 2002-ல் முடிவைச் சொன்னது: மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டவர்களுக்கு வலிப்பு வருவது பாதிக்கும் கீழாகக் குறைந்தது. இவ்வளவு மலிவான மருந்து இவ்வளவு பேரைக் காப்பாற்றியது மருத்துவத்தில் அபூர்வம்.

இன்னொன்று நாக்பூரில் நடந்தது. கர்ப்பகால அழுத்தம் மிகவும் ஏறிய 894 பெண்களுக்கு ஊசியோ டிரிப்போ இல்லாமல் வெறும் மாத்திரையாலேயே இறக்க முடியுமா என்று பார்த்தார்கள். நிஃபெடிபின், லேபட்டலால், மெத்தில்டோபா மூன்றுமே பெரும்பாலோருக்குப் பலன் தந்தன. 2019-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கல்வராயனில் வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள குக்கிராமத்திலிருந்து வண்டி இறங்கி வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். மாத்திரை எவ்வளவு பெரிய துணை என்பது புரியும்.

★

கர்ப்பிணிக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுப்பது எலும்புக்கு மட்டும் அல்ல, இந்த முன்சூல்வலிப்பைத் தடுக்கவும்தான். நாளுக்கு 500 மில்லிகிராமே 1,500-க்குச் சளைத்ததல்ல என்று பெங்களூரிலும் டான்சானியாவிலும் நடந்த ஆய்வு 2024-ல் காட்டியது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு.

★

குழந்தை முதல் மூச்சு விட உதவுவது, சில நானோ மீட்டரே தடிமனுள்ள ஒரு படலம். நுரையீரல் காற்றறைகளின் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈரமான இரண்டு பாலித்தீன் தாள்கள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்குமே, அதுபோல் காற்றறைகள் ஒட்டிவிடாமல் அந்தப் படலம் காக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் பிறக்கும் பிள்ளைக்கு அது போதிய அளவு ஊறியிருக்காது. மூச்சுத் திணறலுக்குக் காரணம் இதுதான் என்று 1959-ல் கண்டவர் டாக்டர் மேரி எலன் ஏவரி. அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963-ல் பிறந்த இரண்டு நாளில் இதே நோயில் இறந்தான். அன்று அதிபர் வீட்டுக்கும் மருந்து கிடையாது. 1980-ல் ஜப்பானிய டாக்டர் ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த படலப் பொருளைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து மூச்சுத் திணறலைத் தணித்தார்.

அதற்கும் முன்பே நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி இருவரும் வேறு வழி கண்டிருந்தார்கள். குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும் என்று 1972-ல் எழுதினார்கள். இது முதலில் தெரிந்தது ஆட்டுக்குட்டிகளில்!

★

குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்குத் தாயின் வெற்று மார்பே இன்குபேட்டர். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் டாக்டர் எட்கர் ரே 1970-களின் கடைசியில் தொடங்கிய கங்காரு முறை இது. டெல்லி உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில், 1.8 கிலோவுக்குக் குறைவான 3,211 குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறந்ததுமே இதைத் தொடங்கிப் பார்த்தார்கள். 28 நாளுக்குள் இறப்பு மற்ற பாதியில் 15.7 சதவீதம், இவர்களில் 12. 2021-ல் முடிவு வந்தது. தாய் மயக்கத்தில் இருந்தால் பாட்டியோ அத்தையோ அப்பாவோ அணைத்துக்கொள்ளலாம். அப்பாக்கள் கூச்சப்பட வேண்டாம்.

★

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி, கல்வராயன் போலவே பழங்குடி மக்கள் வாழும் காட்டுப் பகுதி. டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதி அங்கே கிராமத்துப் பெண்களுக்கே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். மூச்சை எண்ணுவது, எடை போடுவது, சூடு காப்பது. மூன்று ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999-ல் ‘லான்செட்’ வெளியிட்டது. இன்று ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தையைப் பார்ப்பது அங்கிருந்து வந்த வழக்கம். நிமிடத்துக்கு 60 மூச்சு அல்லது அதற்கு மேல் போனால் ஆபத்து. இதை எண்ண ஒரு கடிகாரமும் பொறுமையும் போதும்.

★

ஓர் ஆய்வு சொன்னதை உடனே சத்தியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கும் நம் ஊரே சாட்சி. பிறந்த இரண்டு நாளில் வைட்டமின் ஏ சொட்டு கொடுத்தால் இறப்பு குறைகிறது என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் தமிழகக் கிராமங்களில் 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் கண்டு 2003-ல் எழுதினார்கள். பிற்பாடு ஹரியானாவிலும் ஆப்பிரிக்காவிலும் இன்னும் பெரிய ஆய்வுகள் நடந்தன. அங்கே அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் பிறந்த குழந்தைக்கு இதைப் பரிந்துரைக்கவும் இல்லை. மதுரைக்காரர்கள் செய்தது நேர்மையான வேலை. மற்றவர்கள் சரிபார்த்ததும் அதே அளவு நேர்மையான வேலை.

★

மறுபடி கடுக்காய்க்கு வருவோம். குழந்தையைக் குளிப்பாட்டிய கையோடு என் ஆயா கல்லில் கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், வசம்பு என்று ஒவ்வொன்றாக நாலு சுற்று உரைத்து, தாய்ப்பாலில் குழைத்து, சுண்டுவிரலால் நாக்கில் தடவுவார். அந்தக் கல்லின் துவர்ப்பு மணம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அந்தக் கையில் இருந்த பாசத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்லிலும் விரலிலும் இருக்கும் கிருமி பச்சிளங்குழந்தையின் குடலுக்குப் போகிறது. தெருவில் கூவி விற்கும் கழுதைப் பாலும், சேனை வைக்கும் சர்க்கரைத் தண்ணீரும் இதே கதைதான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். கடுக்காய் பெரியவர்களுக்கு இருக்கட்டும்.

★

பிறந்தபோது எடை குறைந்திருந்த பிள்ளைக்கு, பெரியவனான பின் ரத்தக் கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில் 1911 முதல் செவிலியர்கள் பிறந்த எடையைப் பேரேட்டில் எழுதிவந்தார்கள். அதைப் புரட்டித்தான் டாக்டர் டேவிட் பார்க்கர் 1989-ல் இதய நோய்த் தொடர்பைக் கண்டார். மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையின் 1934 முதலான பழைய ஏடுகளும் இதய நோயில் அதையே காட்டின. கிராமத்துச் செவிலியர் எழுதும் ஓர் எண் 70 ஆண்டு கழித்துக்கூட விஞ்ஞானமாகலாம்.

★

கர்ப்பிணியின் அட்டையில் ரத்த அழுத்தம் எழுதக் கட்டங்கள் உண்டு. உங்கள் வீட்டில் பிள்ளைத்தாச்சி இருந்தால் இன்றே அதை எடுத்துப் பாருங்கள். கட்டம் காலியாக இருந்தால், அடுத்த முறை ‘நர்சம்மா, பிரஷர் பாத்து எழுதுங்க’ என்று கேட்டு வாங்குங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.