எங்களுக்காக வாதாடும் சட்டத்தரணி இந்த வருடம் என்ன படித்தார்?

புலம்பெயர்ந்து வந்த எங்கள் குடும்பங்களுக்கு நீதிமன்றம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அகதிக் கோரிக்கை விசாரணைதான். அந்தக் காலம் பெரும்பாலானோருக்கு முடிந்துவிட்டது. வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்து, இரண்டு வாகனம் ஓடும் நிலைக்கு வந்துவிட்டோம். இப்போது வேறொரு வகை வழக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது. சந்தியில் எங்கள் வாகனத்தோடு மோதுப்பட்டவர், வீட்டு வாசலில் உறைந்திருந்த பனியில் சறுக்கி விழுந்தவர், பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்து படியில் தடக்கி விழுந்தவர் என்று யாரோ ஒருவர் நட்டஈடு கேட்டு எங்கள்மீது தொடுக்கும் குடியியல் வழக்கு அது.

இந்த வழக்கில் எங்கள் பக்கத்தில் நிற்பவரையும் 'டிஃபென்ஸ் லோயர்' என்றே சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பலர் கொலை, களவு வழக்குகளை நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். இது குற்றவியல் வழக்கு இல்லை. இதில் சிறையும் இல்லை. ஆனால் தீர்ப்புத் தொகை காப்புறுதியின் எல்லையைத் தாண்டினால் மிகுதி எங்கள் வீட்டையும் சேமிப்பையும் தேடி வரலாம். ஆகவே அந்தச் சட்டத்தரணி எவ்வளவு தெரிந்தவர் என்பது எங்கள் குடும்ப விடயம். அவர் பட்டம் பெற்ற பிறகும் வருடாவருடம் என்ன படிக்கிறார், படிக்க வேண்டும் என்று யார் சொல்கிறார்கள், அந்தப் படிப்பு எங்களை எந்த அளவுக்குக் காக்கும் என்பதை இங்கே பார்ப்போம். எங்கள் மக்கள் அதிகமாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தை முதன்மை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

அப்புக்காத்து காலமும் இந்தக் காலமும்

ஊரில் எங்கள் பெரியவர்கள் அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் பிரித்துச் சொல்லுவார்கள். 1974-இல் இலங்கையில் அந்த இரண்டு பிரிவும் ஒன்றாக்கப்பட்டுச் சட்டத்தரணி என்ற ஒரே பெயர் வந்தது. ஆனாலும் ஒருவர் ஒருமுறை சத்தியப்பிரமாணம் செய்துவிட்டால் ஆயுள் முழுவதற்கும் அவர் படித்தவர்தான் என்ற எண்ணம் எங்களிடம் அப்படியே இருக்கிறது. சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்த்தே நம்பிவிடுகிறோம். அந்தச் சான்றிதழ் அவர் பரீட்சை எழுதிய வருடத்தில் இருந்த சட்டத்துக்கு மட்டுமே சாட்சி.

இந்தக் குறையை உணர்ந்துதான் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1975-இல் சட்டத்தரணிகளுக்குத் தொடர் கல்வியைக் கட்டாயமாக்கியது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா 2009-இல் தொடங்கியது. ஒன்ராறியோவில் லோ சொசைற்றி எனப்படும் சட்டச் சங்கம் 2011 முதல் இதை நடைமுறைப்படுத்துகிறது. தொழில் செய்யும் ஒவ்வொரு சட்டத்தரணியும் வருடத்துக்கு 12 மணித்தியாலம் படித்துக் கணக்குக் காட்ட வேண்டும். அதில் குறைந்தது 3 மணித்தியாலம் தொழில் ஒழுக்கம், பொறுப்பு, அலுவலக நடைமுறை பற்றியதாக இருக்க வேண்டும். மிகுதி 9 மணித்தியாலத்தைச் சட்டப் பாடங்களுக்குச் செலவிடலாம். டிசம்பர் 31-க்குள் முடிக்காமல் இழுத்தடித்தால் தாமதக் கட்டணம் வரும். அதற்குப் பிறகும் முடிக்காவிட்டால் உரிமம் இடைநிறுத்தப்படும்.

9 மணித்தியாலத்தில் என்ன இருக்கிறது?

எதிராளி தரப்பில் நிற்கும் ஒரு சட்டத்தரணிக்கு அண்மைய வருடங்களில் மாறிய சிலவற்றை மட்டும் சொல்கிறோம். ஏன் படிக்க வேண்டும் என்பது அதிலேயே விளங்கும்.

வாகன விபத்தில் காயப்பட்டவருக்கு வலி, வேதனைக்காக நீதிமன்றம் ஒரு தொகை விதித்தால், அந்தத் தொகை ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கும்போது அதிலிருந்து சட்டப்படி ஒரு கழிவு எடுக்கப்படும். நீண்டகாலம் 30,000 டொலராக இருந்த இந்தக் கழிவு 2015 ஓகஸ்ட்டில் 36,540 டொலராகியது. அதன்பின் பணவீக்கத்துக்கு ஏற்ப ஒவ்வொரு ஜனவரியிலும் ஏறி, 2025-இல் 46,000 டொலரையும் தாண்டிவிட்டது. பழைய தொகையை மனதில் வைத்துப் பேரம் பேசும் சட்டத்தரணி பேச்சுவார்த்தை மேசையிலேயே தவறிவிடுவார்.

பனியில் சறுக்கி விழுந்தவர் தனியார் வீடொன்றின்மீது வழக்குப் போடுவதானால், விழுந்த 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 29-இல் நடைமுறைக்கு வந்தது. அறிவித்தல் வராவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, வழக்கே நிற்காது. வீட்டுக்காரர்களாகிய எங்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் எங்கள் தரப்பில் நிற்பவர் அறிந்து எழுப்பினால்தான் அது பயன்படும்.

சுருக்க நடைமுறையில் நடக்கும் வழக்குகளின் எல்லை 2020 ஜனவரியில் 100,000 டொலரிலிருந்து 200,000 டொலராக உயர்ந்தது. அந்த வழக்குகளில் ஜூரி கிடையாது. விளக்கம் ஐந்து நாட்களுக்கு மேல் போக முடியாது. சிறு கோரிக்கை நீதிமன்றத்தின் எல்லை அதே 2020-இல் 35,000 டொலராகவும், 2025 ஒக்ரோபரில் 50,000 டொலராகவும் உயர்ந்தது. எந்த நீதிமன்றம், எவ்வளவு காலம், எவ்வளவு செலவு என்ற கணக்கெல்லாம் இதனால் மாறிவிட்டது.

செயற்கை நுண்ணறிவும் இப்போது பாடமாகிவிட்டது. இல்லாத தீர்ப்புகளை இருப்பதாகக் காட்டிய மனுக்கள் பல நாட்டு நீதிமன்றங்களில் பிடிபட்டன. ஒன்ராறியோவில் 2024 டிசம்பர் முதல், எழுத்து மூலமான வாதத்தில் குறிப்பிடும் ஒவ்வொரு தீர்ப்பும் மெய்யானது என்று தான் திருப்தியடைவதாகச் சட்டத்தரணி கையொப்பமிட்டுச் சொல்ல வேண்டும்.

ஒழுக்கத்துக்கான 3 மணித்தியாலம்

எங்களுக்கு இதுவே கூடுதல் முக்கியம் என்று நாம் கருதுகிறோம். வாகனக் காப்புறுதியோ வீட்டுக் காப்புறுதியோ வைத்திருக்கும்போது எங்கள்மீது வழக்கு வந்தால், வழக்காடும் பொறுப்பையும் காப்புறுதி நிறுவனமே ஏற்கிறது. 1990-இல் கனடிய உச்ச நீதிமன்றம் இந்தக் கடமையை விரிவாகவே விளக்கியது: கோரிக்கை காப்புறுதிக்குள் அடங்கக்கூடும் என்ற சாத்தியம் இருந்தாலே போதும், நிறுவனம் வழக்காட முன்வர வேண்டும். ஆகவே சட்டத்தரணியைத் தெரிவு செய்வதும் அவருக்குக் காசு கொடுப்பதும் நிறுவனம். ஆனால் அவருடைய கட்சிக்காரர் நாங்கள்.

இங்கேதான் எங்கள் ஆட்களின் சந்தேகம் பிறக்கிறது. 'அவர் இன்சூரன்ஸ்காரரின் ஆள்தானே' என்று நினைத்து உண்மையை மறைக்கிறார்கள். அப்படி மறைப்பது வழக்கைத்தான் கெடுக்கும். மறுபக்கம், அந்தச் சந்தேகத்துக்கு ஓர் அடிப்படையும் உண்டு. உதாரணமாக, வாகனத்தை ஓடியவர் யார், அனுமதியோடு ஓடினாரா என்ற கேள்வியில் நிறுவனம் காப்புறுதியையே மறுக்கலாம். அந்த இடத்தில் நிறுவனத்தின் நலனும் எங்கள் நலனும் வேறாகின்றன. நாங்கள் நம்பிச் சொன்ன ஒன்றை எங்களுக்கு எதிராகப் பயன்படும் வகையில் நிறுவனத்துக்குக் கொடுக்கச் சட்டத்தரணிக்கு உரிமை இல்லை. இத்தகைய நலன் முரண்பாடு உண்டு என்று நியாயமாக அஞ்ச இடமிருந்தால், வழக்கை நடத்தும் கட்டுப்பாட்டை நிறுவனம் விட்டுக்கொடுக்க நேரலாம் என்பதை ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் ஆராய்ந்திருக்கிறது. ஒழுக்க மணித்தியாலங்களில் சட்டத்தரணிகள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய பாடம் இதுதான்.

அதே 3 மணித்தியாலத்துக்குள், வருடத்துக்கு ஒரு மணித்தியாலம் சமத்துவம், பன்மைத்துவம், உள்ளடக்கம் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதும் ஒன்ராறியோ விதி. இதைச் சிலர் வெறும் சடங்கு என்பார்கள். எங்கள் அப்பா, அம்மாமாரை நினைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. வழக்குக்கு முன் இரு தரப்பும் சத்தியத்தின்கீழ் கேள்வி கேட்கும் ஒரு கட்டம் உண்டு. அங்கே சொல்லும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகும். எங்கள் ஆட்கள் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே 'ஓம், ஓம்' என்று தலையாட்டுவது வழக்கம். கேட்கிறேன், சொல்லுங்கோ என்பதுதான் அதன் பொருள். பதிவில் அது 'ஆம், ஒப்புக்கொள்கிறேன்' என்று நின்றுவிடும். 'சிவப்பு விளக்கு விழுந்த பிறகுதானே போனீர்கள்?' என்ற கேள்விக்கு இடையில் விழுந்த ஓர் 'ஓம்' என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. போரையும் சோதனைச் சாவடியையும் கண்டவர்கள் அதிகாரியின் குரல் உயர்ந்தால் எதற்கும் சம்மதித்துவிடுவதும் உண்டு. இதையெல்லாம் விளங்கிக்கொண்ட சட்டத்தரணி முன்கூட்டியே தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வார். ஒரு நாள் முன்னதாக இருத்தி வைத்துப் பழக்குவார்.

இந்தப் படிப்பின் எல்லை

12 மணித்தியாலம் என்பது வருடத்தில் ஒன்றரை வேலைநாள். முடிவில் பரீட்சை கிடையாது. எந்தச் சட்டப் பாடத்தைப் படிப்பது என்பதையும் பெரும்பாலும் சட்டத்தரணியே தீர்மானிக்கிறார். டிசம்பர் கடைசி வாரத்தில் கணினியைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்து மணித்தியாலத்தை நிரப்புகிறவரும் இருக்கலாம். ஆகவே 12 மணித்தியாலத்தை ஆகக் குறைந்த அளவாக மட்டுமே பார்க்க வேண்டும். எதிராளி தரப்பில் தொழில் செய்பவர்களுக்கென்றே கனடாவிலும் அமெரிக்காவிலும் தனிச் சங்கங்கள் உண்டு. அவை மருத்துவச் சாட்சியை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது, விபத்து மீளமைப்பு அறிக்கையை எப்படி வாசிப்பது போன்றவற்றைச் சொல்லிக் கொடுக்கின்றன. இத்தகைய இடங்களுக்குத் தேடிப் போகிறவர்தான் மெய்யாகப் படிக்கிறவர்.

மணித்தியாலக் கணக்கில் பயனில்லை என்று கருதி, இங்கிலாந்தில் சொலிசிற்றர்களுக்கு இருந்த வருடத்துக்கு 16 மணித்தியால விதியை 2016 நவம்பரில் முற்றாக நீக்கிவிட்டார்கள். தனக்கு எதில் குறை என்று தானே ஆராய்ந்து படித்து, அதை ஒவ்வொரு வருடமும் உறுதிப்படுத்துவதே இப்போது அங்கே முறை. அவுஸ்திரேலியாவில் வருடத்துக்கு 10 புள்ளிகள் வேண்டும். ஒழுக்கம் அதில் கட்டாயம். பிரான்சில் வருடத்துக்கு 20 மணித்தியாலம், அல்லது இரண்டு வருடத்தில் 40. ஜெர்மனியில் ஃபாகன்வால்ட் என்ற சிறப்புப் பட்டம் வைத்திருப்பவர் அந்தத் துறையிலேயே வருடத்துக்கு 15 மணித்தியாலம் படிக்க வேண்டும். காப்புறுதிச் சட்டத்துக்கும் போக்குவரத்துச் சட்டத்துக்கும் அங்கே தனித்தனிச் சிறப்புப் பட்டம் இருப்பதால், ஜெர்மனியில் உள்ள எங்கள் உறவுகளுக்கு ஆளைத் தெரிவது சற்று இலகு.

நாம் செய்ய வேண்டியது

வழக்குத் தாள் வந்தால் அலுமாரிக்குள் வைத்துவிட்டு இருக்கக் கூடாது. ஒன்ராறியோவுக்குள் தாள் கொடுக்கப்பட்டால் பதில் மனு கொடுக்க 20 நாள்தான். வழக்காடும் எண்ணம் உண்டு என்று அறிவித்தால் மேலும் 10 நாள் கிடைக்கும். அதையும் விட்டால் எங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு வரலாம். எவ்வளவு படித்த சட்டத்தரணியாலும் தவறிய நாளை இலகுவில் மீட்க முடியாது. தாள் வந்த அன்றே காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

சட்டத்தரணியின் பெயர் தெரிந்ததும், லோ சொசைற்றியின் பொதுப் பட்டியலில் அவருடைய உரிமம் நடப்பில் உள்ளதா, ஒழுக்க நடவடிக்கை ஏதும் உண்டா என்று பாருங்கள். எந்தப் பாடம் படித்தார் என்பது அங்கே இராது. அதை அவரிடமே கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. 'இப்படியான வழக்குகளை அடிக்கடி செய்கிறீர்களா? இந்தச் சட்டத்தில் அண்மையில் என்ன மாறியிருக்கிறது? கோரும் தொகை எங்கள் காப்புறுதியின் எல்லையைத் தாண்டுமா? நான் உங்களிடம் சொல்வது நிறுவனத்துக்குப் போகுமா?' இந்த நான்கு கேள்விக்கும் எரிச்சல்படாமல் விளங்கும்படி பதில் சொல்பவரை நம்பலாம். எல்லையைத் தாண்டும் என்றாலோ, காப்புறுதியை மறுப்பதாக நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தாலோ, எங்கள் செலவில் தனியாக இன்னொரு சட்டத்தரணியிடம் ஆலோசனை கேட்பது நல்லது. ஒன்ராறியோவில் வாகனக் காப்புறுதிக்குச் சட்டம் கேட்கும் மிகக் குறைந்த பொறுப்பு எல்லை 200,000 டொலர்தான். புதுப்பிக்கும் கடிதம் வரும்போது உங்கள் எல்லை எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள்.

எங்கள் சமூகத்தில் காயப்பட்டு நட்டஈடு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நன்கு படித்த எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அவர்களுக்கும் நல்லதே. நியாயமான கோரிக்கை எது என்று அவருக்குத் தெரியும். அதை வருடக்கணக்காக இழுக்காமல் முடிக்கச் சொல்லி நிறுவனத்துக்கு ஆலோசனை கொடுப்பார்.

சட்டம் படிக்கும் எங்கள் பிள்ளைகளில் பலர் குடிவரவு, வீடு வாங்கல் விற்றல் ஆகிய துறைகளுக்கே போகிறார்கள். எதிராளி தரப்பில் வாதாடும் இந்தத் துறையிலும் தமிழ் தெரிந்தவர்கள் வேண்டும். அந்த 'ஓம்' என்ற சொல்லின் பொருளை அவர்களுக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.