கோதுமை கலவாத பண்டிகைப் பிஸ்கட்: வீட்டில் செய்யும் முறையும் கவனிக்க வேண்டியவையும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில், திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய அப்பத்தா எங்கள் உணவு ஆலோசனைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். அவனுக்குச் சீலியாக் நோய் இருப்பது ஓராண்டுக்கு முன்பே உறுதியாகியிருந்தது. சப்பாத்தி, பூரி, ரவை உப்புமா, சேமியா, பரோட்டா, கடைப் பிஸ்கட் ஆகிய அனைத்தையும் அன்றே நிறுத்திவிட்டார்கள். எடையும் கூடி வந்தது. ஆயினும் மறுபரிசோதனையில், குறைந்துகொண்டே வந்த எதிர்ப்பொருளின் அளவு மீண்டும் உயர்ந்திருந்தது. வயிற்றுப் பொருமலும் திரும்பியிருந்தது. “எங்க வீட்டுல கோதுமைங்கிற பேச்சே கிடையாது. கம்பும் குதிரைவாலியும்தான் குடுக்கேன். நானே மில்லுக்குக் கொண்டுபோய் அரைச்சுட்டு வர்றேன்” என்றார் அப்பத்தா. காரணம் அவருடைய கடைசி வார்த்தைகளிலேயே இருந்தது. அதை விளக்கியபின் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தீபாவளி நெருங்குகிறது, தெருப்பிள்ளைகள் எல்லாம் தின்னும்போது இவன் கையில் எதைக் கொடுப்பது என்று கேட்டார். அக்கேள்விக்கு விரிவான விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். தீபாவளிக்கு மட்டுமன்றிக் கிறிஸ்துமஸ், ரம்ஜான், பொங்கல் ஆகிய எல்லா நாட்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் எனப்படும் பசைப்புரதம் உள்ளது. சீலியாக் நோய் உள்ளவர்களின் உடலுக்குள் இப்புரதம் சென்றதும், உடலின் காப்பு மண்டலம் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. அதனால் நாட்பட்ட வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு முதலியன தோன்றுகின்றன. சிலருக்கு வயிற்றுத் தொல்லை ஏதுமின்றி இரத்தசோகை மட்டுமே இருப்பதும் உண்டு. இதற்கு இன்றுவரை உணவுக் கட்டுப்பாடே மருந்து. நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமையின் மீது 1930களிலேயே ஐயம் கொண்டிருந்தார். 1944–45 குளிர்காலத்தில் போரினால் அந்நாட்டில் கடும் பஞ்சம் ஏற்பட்டு ரொட்டி கிடைக்காமற்போனபோது, இந்நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950இல் அவர் தம் ஆய்வேட்டில் இதனை நிறுவினார்.

“இது வடநாட்டு நோயல்லவா?” என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும் தென்னிந்தியாவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கும் இருப்பதாகக் கண்டது. ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுக் கூறு இரு பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. பெரிய வேறுபாடு தட்டில் விழும் கோதுமையின் அளவில் இருந்தது. இரவு தோறும் பரோட்டாவும், பள்ளிப் பையில் நாள்தோறும் பிஸ்கட்டும் என்று நம் பக்கத்து உணவும் மாறிவருவதைப் பார்க்கும்போது, இந்நோயை நாம் நினைவில் வைத்திருப்பது நல்லது.

இனி மாவு மில்லுக்கு வருவோம். குளூட்டன் அற்றது என்று ஓர் உணவைக் குறிப்பிட வேண்டுமானால், அதில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பன்னாட்டு அளவும் அதுவே. கோதுமை மாவில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு குளூட்டன். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு கிலோ கம்பு மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே எல்லை எட்டிவிடுகிறது. கால் கிராம் என்பது விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகை. நமக்கு முன்னால் ஒருவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்துச் சென்ற எந்திரத்தின் கல்லிலும் குழாயிலும் துணிப்பையிலும் அதைவிடப் பன்மடங்கு தங்கியிருக்கும். ஒரு பிடி தானியத்தை முதலில் போட்டு ஓட்டிவிட்டு அதைத் தள்ளிவிடும் வழக்கம் ருசிக் கலப்பைத் தடுக்கப் போதுமானது, இந்நோய்க்குப் போதாது. மில்காரர் மீது பிழையில்லை. அவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

அரிசிக்கென்றே தனி எந்திரம் வைத்திருக்கும் மில் இருந்தால், அதில் கோதுமை ஒருபோதும் அரைக்கப்படுவதில்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு பயன்படுத்தலாம். இல்லையேல் வீட்டு மிக்சியே சிறந்தது. நம் சிறுவனின் அப்பத்தா வேறொரு வழியைக் கண்டார். அவர் வீட்டு மாடிப்படியின் கீழே திருகை ஒன்று கிடந்தது. உளுந்தும் சோளமும் உடைத்த கல் அது. கோதுமை அதில் விழுந்ததே இல்லை. திருகை மாவு சற்றுக் கொரகொரப்பாக இருக்கும். இருமுறை சலிக்க வேண்டும். சல்லடை மட்டும் புதிதாக வாங்கச் சொன்னோம். மைதா சலித்த சல்லடையின் கண்களில் ஒட்டியதைக் கழுவி எடுக்க முடியாது. பூரிக்கட்டை, மரக்கரண்டி போன்ற மரச் சாமான்களும் அப்படியே. எவர்சில்வர் பாத்திரங்களை நன்கு தேய்த்துக் கழுவிப் பயன்படுத்தலாம்.

பண்டிகைக்கு ஏன் பிஸ்கட்டைப் பரிந்துரைக்கிறோம் என்பதற்குக் காரணம் உண்டு. மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது குளூட்டன் வலைபோல் பின்னிக்கொள்கிறது. ரொட்டி உப்புவதும் பரோட்டா இழுபடுவதும் அதனால்தான். அந்த வலையின்றி ரொட்டி செய்வது கடினம். பிஸ்கட்டுக்கோ அந்த வலையே வேண்டாதது. வலை உருவானால் பிஸ்கட் இறுகிவிடும் என்பதால், மைதாவில் செய்பவர்கள்கூட மாவை அதிகம் பிசையமாட்டார்கள். ஆகவே கோதுமையை நீக்குவதால் பிஸ்கட் இழப்பது மிகக் குறைவு. நம் கரிசல் மண்ணின் குதிரைவாலியும் கம்பும் அதற்குத் தாராளமாகப் போதும்.

குதிரைவாலி இங்கே புரட்டாசி, ஐப்பசி மழையில் விதைக்கப்பட்டுத் தை மாதத்தை ஒட்டி வீட்டுக்கு வருகிறது. ஆகவே தீபாவளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் சென்ற ஆண்டுத் தானியம். நன்கு காய்ந்திருப்பதால் அரைப்பதற்கு அது ஏற்றதே. முழுத் தானியமாகவோ உமி நீக்கிய அரிசியாகவோ வாங்குங்கள், மாவாக வாங்காதீர்கள். கடையில் ஒரே முகவையால் பல மூட்டைகளிலும் அள்ளுவது வழக்கம் என்பதால், சுளகில் பரப்பி அந்நிய தானியத்தைப் பொறுக்கிய பின் இருமுறை கழுவி, நிழலில் உலர்த்தி, வாணலியில் மணம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியதும் அரைத்துச் சலிக்க வேண்டும். கம்பு மாவில் கொழுப்புச் சத்து அதிகம். அரைத்த சில நாட்களிலேயே காறல் வாடை வந்து கசக்கத் தொடங்கும். ஆதலால் அன்றன்றைக்கு வேண்டிய அளவே அரையுங்கள். “கம்புப் பிஸ்கட் கசக்கிறது” என்று கூறும் தாய்மாரிடம் நாங்கள் முதலில் கேட்பது மாவு எத்தனை நாள் பழையது என்பதையே.

முப்பது பிஸ்கட்டுகளுக்கான அளவு இது. குதிரைவாலி மாவு 150 கிராம், பொட்டுக்கடலை மாவு 50 கிராம், அரிசி மாவு 50 கிராம், நெய் 125 கிராம், வீட்டில் பொடித்த சர்க்கரை 100 கிராம், காய்ச்சி ஆறிய பால் ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டிக்கும் குறைவு, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி அல்லது சுக்குப் பொடி விருப்பம்போல். நெய் உறைந்த பதத்தில் இருக்க வேண்டும். உருகிய நெய்யில் செய்தால் பிஸ்கட் தட்டில் பரவித் தட்டையாகிவிடும். நெய்யையும் சர்க்கரையையும் வெண்மையாகும்வரை குழைத்து, உப்பும் சோடாவும் கலந்து சலித்த மாவுகளைச் சேர்த்து, உருண்டை பிடிக்கும் அளவுக்கு மட்டும் பால் தெளித்துச் சேருங்கள். பின்னர் அரைமணி நேரம் மூடி வையுங்கள். இந்த அரைமணியைத் தவிர்க்கக் கூடாது. சிறுதானிய மாவு ஈரத்தை மெதுவாகவே உறிஞ்சும். ஊறாமல் சுட்டால் வாயில் மணல்போல் நறநறக்கும். பொட்டுக்கடலை மாவு இங்கே சுவைக்காக மட்டும் அன்று. குளூட்டன் இல்லாத குறையை ஈடுசெய்து மாவைச் சேர்த்துப் பிடிக்க உதவுவது அதுவே.

ஊறிய மாவைச் சிறிய நெல்லிக்காய் அளவு உருட்டி, லேசாக அழுத்தி, இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஓவன் இருப்பின் 165 பாகை செல்சியசில் 15 முதல் 18 நிமிடம் போதும். ஓவன் இல்லாதவர்கள் கனமான பழைய பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரம் பொடியுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றிய பின் பிஸ்கட் தட்டை உள்ளே வைத்துச் சிறுதீயில் 20 முதல் 25 நிமிடம் சுடலாம். ஓரம் பொன்னிறமானால் இறக்கிவிடுங்கள். சூடாக இருக்கும்போது பிஸ்கட் மெத்தென்று இருக்கும், தொட்டால் உடையும். வேகவில்லை என்று எண்ணி மறுபடி அடுப்பில் வைத்துக் கரித்தவர்கள் பலர். தட்டிலேயே ஆறவிட்டால் தானாக இறுகும். காற்றுப்புகா டப்பாவில் பத்து நாட்கள் இருக்கும். பாதி குதிரைவாலிக்குப் பதில் கம்பு சேர்த்தால் ஐந்து நாட்களுக்குள் தின்றுவிடுவது நல்லது. கருப்பட்டி சேர்க்க விரும்புவோர் அதை நன்கு உலர்த்திப் பொடித்துப் பாலைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதன் ஈரத்தால் பிஸ்கட் இரண்டாம் நாளே நமத்துப்போகும்.

கடையில் “சிறுதானியப் பிஸ்கட்” விற்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றலாம். ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டி இத்தகைய பொட்டலங்கள் பெருகின. அவற்றுள் பலவற்றின் பின்பக்கத்தைப் படித்தால், முதலில் நிற்பது கோதுமை மாவோ மைதாவோதான். கேழ்வரகு நான்காவதோ ஐந்தாவதோ வரும். கோதுமை இருந்தால் அதை ஒவ்வாமைக் குறிப்பில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அவ்வரியைத் தேடிப் படியுங்கள்.

பிற பலகாரங்களில் முறுக்கு, தட்டை, சேவு, அதிரசம் ஆகியவை அரிசியும் கடலை மாவும் உளுந்தும்தாமே என்று நினைப்போம். இங்கே ஒளிந்திருப்பது பெருங்காயம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா சேர்க்கப்படுகிறது. கலப்பில்லாத பால் பெருங்காயம் வாங்குங்கள், அல்லது அன்றைக்கு மட்டும் பெருங்காயத்தை விட்டுவிடுங்கள். சீரகமும் ஓமமும் போதும். சோமாஸ் சுட்ட எண்ணெயில் முறுக்கு சுடக்கூடாது. குழந்தைக்குரியதை முதலில் சுட்டு எடுத்து வைத்துவிடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவிலும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயிலும் செய்முறைப்படி கோதுமை இல்லை. வாங்கும்போது பிற இனிப்புகளோடு ஒரே தட்டில் கலந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காய்ச்சலுக்குப்பின் கொடுக்கும் பார்லிக் கஞ்சியும், மால்ட் கலந்த சத்துப் பானங்களும் இக்குழந்தைகளுக்கு ஆகா. ஓட்ஸை மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கோவிலில் தரும் கேசரி ரவையால் ஆனது. தேவாலயத்தில் தரும் நற்கருணை அப்பமும் கோதுமையால் ஆனது. அருட்தந்தையிடம் முன்கூட்டியே கூறினால் அவர் மாற்று வழி சொல்வார்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இக்கட்டுரையைப் படித்துவிட்டு, நோய் உறுதியாகாத குழந்தைக்குக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை உண்டுகொண்டிருக்கும் நிலையில்தான் இரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் சரியான முடிவைத் தரும். நிறுத்தியபின் வந்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். முதல் வகைச் சர்க்கரை நோயும் சேர்ந்து இருக்கும் குழந்தைகளுக்கு மேற்சொன்ன சர்க்கரை அளவு பொருந்தாது. எங்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

திருச்சுழிச் சிறுவனுக்கு ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் எதிர்ப்பொருள் அளவு மீண்டும் இறங்கியிருந்தது. அன்றைக்கு அப்பத்தா ஒரு தூக்குச்சட்டி நிறையப் பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். திருகையில் அரைத்தது. சுக்கு கொஞ்சம் தூக்கல்தான்; அவனுக்கு அப்படித்தான் பிடிக்கிறதாம்.